ஒரு பிள்ளை, இரண்டு வீடு: படைவீரரின் வாடகைப்படியும் பகிர்ந்த கஸ்டடியும்

பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய மாவட்டம் சிவகங்கை. கல்லல், காளையார்கோவில், இளையான்குடி, திருப்பத்தூர்ப் பக்கத்து ஊர்களில் சம்பளம் எப்போது ஏறும், லீவு எப்போது கிடைக்கும், கேன்டீன் கார்டில் என்ன வாங்கலாம் என்பதெல்லாம் வீட்டுத் திண்ணைப் பேச்சு. மணமுறிவு மட்டும் இன்னும் திண்ணைக்கு வரவில்லை. அதனால், மணமுறிவுக்குப் பின் படைவீரரின் சம்பளச் சீட்டில் என்ன மாறும் என்பதைப் பற்றி உலவுவது பெரும்பாலும் காதில் விழுந்த செய்திதான். அவற்றில் அதிகம் நம்பப்படுவது இது: பிள்ளையின் கஸ்டடி தாய்க்கும் தகப்பனுக்கும் பாதிப் பாதி என்று கோர்ட்டில் முடிவானால், வீட்டு வாடகைப்படியும் அதற்கேற்பக் கூடும், அல்லது இருவருக்கும் பிரியும். அப்படி எதுவும் நடப்பதில்லை. எச்.ஆர்.ஏ. என்று எல்லோரும் சொல்லும் வீட்டு வாடகைப்படி, பிள்ளை எத்தனை இரவு யார் வீட்டில் தூங்கியது என்று பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது மூன்றைத்தான்: உங்கள் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, வீடு எந்த வகை ஊரில் இருக்கிறது, அரசு உங்களுக்குக் குடியிருக்க இடம் கொடுத்திருக்கிறதா. இந்த மூன்றாவது கேள்வி வழியாகத்தான் பிள்ளை கணக்குக்குள் வர முடியும். அதுவும் முறையான காகிதத்தோடு வந்தால்தான். ஆகவே பகிர்ந்த கஸ்டடியில் பிள்ளை வளர்க்கப்போகும் படைவீரர், வீட்டுக்கான பணத்துக்காகப் பின்னால் சம்பள அலுவலகத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, மணமுறிவு ஒப்பந்தம் எழுதப்படும் நாளிலேயே அதற்கு வழிசெய்துகொள்ள வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் தொகை. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2017 ஜூலை 1 முதல் எக்ஸ், ஒய், இசட் என்ற மூவகை ஊர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் முறையே 24, 16, 8 சதவீதம் வாடகைப்படியானது. அகவிலைப்படி உயர உயர இதுவும் உயரும் என்று அப்போதே வைத்துவிட்டார்கள். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்ட 2024 ஜனவரி 1 முதல் அது 30, 20, 10 சதவீதம். ஐம்பது லட்சமும் அதற்கு மேலும் மக்கள் வாழும் நகரம் எக்ஸ், ஐந்து லட்சத்திலிருந்து ஐம்பது லட்சம் வரை ஒய், மற்றதெல்லாம் இசட். தமிழ்நாட்டில் சென்னை எக்ஸ். மதுரை, கோயம்புத்தூர், திருச்சி, சேலம் போன்றவை ஒய். காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கை, மானாமதுரை எல்லாம் இசட். ஹவில்தார் நிலையின் தொடக்கச் சம்பளமான 29,200 ரூபாயை வைத்துப் பார்த்தால், காரைக்குடி விகிதத்தில் 2,920 ரூபாய், மதுரை விகிதத்தில் 5,840, சென்னை விகிதத்தில் 8,760. சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை மாதம் 5,200 ரூபாயாக வரும் ராணுவச் சேவை ஊதியத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அகவிலைப்படிக்கும் பென்ஷனுக்கும் அது சேரும், வாடகைப்படிக்குச் சேராது. காரைக்குடி 2024-ல் மாநகராட்சியாகிவிட்டதே, இனி ஒய் விகிதம் கிடைக்காதா என்று கேட்கிறார்கள். கிடைக்காது. மாநகராட்சி என்பது மாநில அரசு தரும் பெயர். வாடகைப்படியின் ஊர்வகை மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து மத்திய அரசு முடிவு செய்வது. போர்டு மாறியதால் சம்பளச் சீட்டு மாறாது.

அடுத்தது மூன்றாவது கேள்வி. சிக்கல் முழுவதும் இங்கேதான். மணமானவருக்குக் குடும்பக் குடியிருப்பு உண்டு. ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸ் காலி இல்லை என்றால் அதற்குப் பதில் வாடகைப்படி உண்டு. தனியாளுக்குப் பாரக்கிலோ மெஸ்ஸிலோ கட்டில் உண்டு. கட்டில் கொடுத்துவிட்டால் வாடகைப்படி இல்லை. ஃபீல்டு ஏரியாவுக்குப் போகிறவர் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்பதால், குடும்பம் தங்கும் ஊரைத் தேர்ந்தெடுத்துத் தெரிவித்து, அந்த ஊரின் விகிதத்தில் படி வாங்கும் ஏற்பாடு இருக்கிறது. பிரிந்திருக்கும் குடும்பங்களுக்கென்று சில ஊர்களில் தனிக் குவார்ட்டர்ஸும் இருக்கிறது. இந்த ஏற்பாடு முழுவதும் ‘குடும்பம்’ என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. குடும்பம் என்றால் மனைவியும், அவளோடு இருக்கும் பிள்ளைகளும் என்ற நினைப்பில் வளர்ந்த ஏற்பாடு இது. மணமுறிவுத் தீர்ப்பு வந்த மறுநாள், அந்த நினைப்பின்படி படைவீரர் மீண்டும் தனியாள். வருடத்தில் பாதி நாள் பிள்ளை அவரிடம்தான் இருக்க வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்லியிருந்தாலும், படைப்பிரிவு எழுத்தருக்கு அது தானாகத் தெரியாது. தெரியப்படுத்துவது பார்ட் டூ ஆர்டர். பிறப்பு, திருமணம், மணமுறிவு எதுவாக இருந்தாலும் அந்த ஆணையில் பதிவான பிறகுதான் ஆவண அலுவலகத்துக்கும் சம்பள அலுவலகத்துக்கும் அது நடந்ததாகும். மணமுறிவு என்ற ஒரு வரியை மட்டும் பதிந்துவிட்டு, கஸ்டடி உத்தரவைப் பதியாமல் விடுவதே பலரும் செய்யும் தவறு. மனைவி பெயர் நீங்கும் அதே விண்ணப்பத்தோடு, பிள்ளை தொடர்ந்து தன்னைச் சார்ந்தவர் என்பதையும், எந்தெந்தக் காலத்தில் எந்த முகவரியில் தன்னோடு வசிப்பார் என்பதையும், நீதிமன்ற உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகலுடன் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்களுக்கு அந்தக் கோப்பு வெலிங்டனுக்குப் போகும். மற்ற ரெஜிமென்ட், கோர் ஆட்களுக்கு அவரவர் ஆவண அலுவலகம். அதிகாரிகளின் சம்பளக் கணக்கு புனேயில். எங்கே போனாலும் புறப்படும் இடம் உங்கள் யூனிட் அலுவலகம்தான்.

இப்போது நீதிமன்றப் பக்கம். பகிர்ந்த கஸ்டடி என்பதற்கு இந்தியாவில் தனிச் சட்டமே இல்லை. இருப்பவை எல்லா மதத்தாருக்கும் பொதுவான 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டமும், 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டமும், மணமுறிவு வழக்கிலேயே பிள்ளை பற்றி உத்தரவிட வழிசெய்யும் இந்துத் திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்கிறது 1956 சட்டம். பிள்ளையின் நலனே முதன்மை என்றும் அதே சட்டம் சொல்கிறது. கூட்டுக் கஸ்டடியைச் சட்டத்திலேயே எழுத வேண்டும் என்று 2015 மே மாதம் சட்ட ஆணையம் தன் 257-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது, சட்டம் வரவில்லை. ஆனாலும் நீதிமன்றங்கள் காத்திருக்கவில்லை. 2013-ல் கர்நாடக உயர்நீதிமன்றம் ஒரு சிறுவனை ஜனவரி முதல் ஜூன் வரை தகப்பனிடமும், ஜூலை முதல் டிசம்பர் வரை தாயிடமும் இருக்கும்படி உத்தரவிட்டது. சட்டம் சும்மா இருப்பதால் விளைவது என்னவென்றால், ஒவ்வொரு உத்தரவும் ஒவ்வொரு மொழியில் வருகிறது. ஒன்றில் ‘கூட்டுக் கஸ்டடி’, இன்னொன்றில் ‘விடுமுறைக் கால கஸ்டடி’, மற்றொன்றில் ‘பார்வையிடும் உரிமை’. மூன்றிலும் பிள்ளை தகப்பனோடு இருக்கும் நாட்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் சனிக்கிழமை மாலை பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவதற்கான சொல் எழுதப்பட்ட உத்தரவைக் காட்டி, ‘பிள்ளை என் வீட்டில் வசிக்கிறது’ என்று எந்தக் கணக்கு அலுவலகத்திலும் சொல்ல முடியாது. படிக்கிறவர் நீதிபதி அல்ல. விதிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் ஒரு கணக்கர். அவர் சொல்லைத்தான் பார்ப்பார்.

ஆகவே பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்கள், இந்துத் திருமணச் சட்டம் 13பி பிரிவின் கீழ் மனுவோடு வைக்கும் ஒப்பந்தத்தில் பிள்ளையைப் பற்றிய பகுதியை ஒற்றை வரியில் முடிக்கக் கூடாது. “மகனின் கஸ்டடி இருவருக்கும் பொது” என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும். சம்பள அலுவலகத்தில் அதற்கு மதிப்பில்லை. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை யாரிடம், அந்தக் காலத்தில் பிள்ளை தங்கும் வீட்டின் கதவிலக்கமும் தெருவும் ஊரும், பள்ளி எது, படைவீரர் ஃபீல்டில் இருக்கும்போது அவருடைய முறை வந்தால் பிள்ளை யாருடைய கவனிப்பில் எந்த வீட்டில் இருக்கும் என்பதெல்லாம் எழுதப்பட வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் நம் பக்கத்தில் மிக முக்கியம். காரைக்குடி வட்டாரத்தில் பட்டாளத்துக்காரர் வீட்டில் பிள்ளையை நாள்தோறும் பள்ளிக்கு அனுப்புவது பெரும்பாலும் அப்பத்தாவோ அம்மாயியோதான். “தந்தை பணியில் இருக்கும் காலத்தில் தந்தைவழிப் பாட்டியின் கவனிப்பில், தந்தை பராமரிக்கும் வீட்டில்” என்ற ஒரு தொடர் உத்தரவில் இருந்தால், ஃபீல்டுக்குப் போகும்போது காரைக்குடியைக் குடும்பம் வசிக்கும் ஊராகத் தெரிவிப்பதற்கு ஓர் ஆதாரம் கையில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் அந்த வீடு உங்கள் அம்மாவின் வீடு மட்டுமே. பிறகு அந்த உத்தரவோடு ஸ்டேஷன் தலைமையகத்தில், குடியிருப்பு ஒதுக்கீட்டுக்குத் தன்னை எந்தப் பிரிவில் வைக்கிறார்கள் என்பதை எழுத்தில் கேட்டு, பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். குவார்ட்டர்ஸ் இல்லை என்றால் இல்லை என்ற சான்று வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன எழுத்தர் அடுத்த வருடம் வேறு ஸ்டேஷனில் இருப்பார்.

ஒரே பிள்ளையைக் காட்டி இரண்டு பேர் இரண்டு வீட்டுக்குப் பணம் வாங்குவது இரட்டைக் கோரிக்கை ஆகாதா என்று ஒரு மறுப்பு எழும். ஆகாது, இது வாடகைப்படியைப் புரிந்துகொள்ளாத மறுப்பு. வாடகைப்படி தலைக்கு இவ்வளவு என்று தரப்படுவதல்ல. பிள்ளை ஒன்றானாலும் மூன்றானாலும் ஹவில்தாருக்குக் காரைக்குடியில் அதே 2,920 ரூபாய்தான். மணமுறிந்த முன்னாள் மனைவி மாநில அரசுப் பள்ளி ஆசிரியை என்றால், அவருக்கு மாநில அரசு தரும் வாடகைப்படி அவர் குடியிருக்கும் வீட்டுக்கு. படைவீரருக்கு வருவது இவர் வீட்டுக்கு. தலைக்கு இவ்வளவு என்று வருவது பிள்ளைகள் கல்விப்படி. அங்கேதான் இரட்டைக் கோரிக்கைக்குத் தடை இருக்கிறது. பெற்றோர் இருவரும் அரசு ஊழியர் என்றால் ஒருவர்தான் வாங்கலாம். 2017-ல் மாதம் 2,250 ரூபாயாக இருந்த அந்தப் படி 2024 ஜனவரி முதல் 2,812 ரூபாய் 50 காசு. அதை யார் வாங்குவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால், இரண்டு அலுவலகங்களிலும் விண்ணப்பம் போய், பின்னால் ஒருவரிடமிருந்து பிடித்தம் செய்யும் சங்கடம் வராது. அமெரிக்க ராணுவத்தின் முறையோடு ஒப்பிட்டால் நம் முறையின் குணமும் குறையும் தெளிவாகும். அங்கே வீட்டுப்படிக்குச் சார்ந்தோர் உள்ளவர், இல்லாதவர் என்று இரண்டு விகிதம். பெற்றோர் இருவரும் ராணுவத்தில் இருந்தால், ஒரே பிள்ளையைக் காட்டி ஒருவர்தான் கூடுதல் விகிதம் வாங்கலாம். அதனால் கஸ்டடியின் நாட்கணக்கே அங்கே பணச் சண்டையாகிறது. நம் முறையில் அந்தச் சண்டைக்கு இடமில்லை, அது குணம். ஆனால் பாரக்கில் தங்கிக்கொண்டு பிள்ளைக்கு ஜீவனாம்சம் கட்டுகிறவருக்கென்று, இரண்டு விகிதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒட்டி அங்கே ஒரு தனிப்படி வைத்திருக்கிறார்கள். கட்டில் கிடைத்தவருக்கும் வெளியே ஒரு வீட்டுச் செலவு இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. நம்மிடம் அதற்கு இணையாக எதுவும் இல்லை.

வழக்கு நடந்துகொண்டிருக்கும் காலத்துக்கு ஒரு பொறி இருக்கிறது. இதை அறியாமல் பணத்தைத் திருப்பிக் கட்டும் நிலை வரலாம். மத்திய அரசின் வாடகைப்படி விதியின்படி, கணவன் அல்லது மனைவிக்கு அதே ஊரில் மத்திய அரசோ மாநில அரசோ பொதுத்துறை நிறுவனமோ குடியிருப்பு ஒதுக்கியிருந்தால், மற்றவர் அங்கே சேர்ந்து இருந்தாலும் சரி, தனியாக வாடகை வீட்டில் இருந்தாலும் சரி, மற்றவருக்குப் படி கிடையாது. பிரிந்து வாழ்வது விதிக்குப் பொருட்டில்லை. தீர்ப்பு வரும்வரை சட்டத்தின் கண்ணில் அவர்கள் கணவன் மனைவிதான். மதுரையில் மனைவிக்கு அரசுக் குடியிருப்பு இருக்க, அதே மதுரையில் தனி வீடு எடுத்து மகளை வாரம்தோறும் அழைத்துவரும் படைவீரர், வாடகையை முழுக்கத் தன் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். தீர்ப்பு வந்த தேதியிலிருந்து இந்தத் தடை நீங்கும். ஆகவே தீர்ப்புத் தேதியும் பார்ட் டூ ஆர்டர் தேதியும் மாதக்கணக்கில் விலகிப்போகாமல் பார்த்துக்கொள்வதில் நேரடிப் பணலாபம் உண்டு. பரஸ்பர சம்மத வழக்கில் ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க சூழலில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியிருப்பதையும் வழக்கறிஞரிடம் நினைவுபடுத்தலாம்.

செட்டிநாட்டுக்கென்று ஒரு கேள்வி இருக்கிறது. இங்கே பூர்வீக வீட்டில் பங்கு வைத்திருப்பவர் பலர். வளவில் ஓர் அறை, பட்டாலையில் ஒரு பாத்தியதை, திருவிழாவுக்குத் திறந்து மூடும் வீடு. நகரத்தார் வீடுகள் மட்டுமல்ல, சுற்றுக் கிராமங்களில் அண்ணன் தம்பி பிரிக்காத வீடுகளும் அப்படித்தான். சொந்த வீடோ பங்கோ இருப்பவர் வாடகைப்படி வாங்கலாமா? வாங்கலாம். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கும் வாடகைப்படி உண்டு. வாடகை ரசீது கேட்கும் முறை இதற்கு இல்லை. ரசீது தேவைப்படுவது வேறு இடத்தில்: பழைய வருமான வரி முறையில் இருந்துகொண்டு, வாங்கிய வாடகைப்படிக்கு வரிவிலக்குக் கேட்கும்போது. வாடகையே கொடுக்காதவருக்கு அந்த விலக்கு இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தவருக்கும் இல்லை. நம் பக்கத்தில் பரவலாக உள்ள ஒத்தியும் இங்கே இடிக்கும். ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து வீட்டில் குடியேறி, போகும்போது திருப்பி வாங்கிக்கொள்பவர் மாத வாடகை எதுவும் கொடுப்பதில்லை. வாடகைப்படி அவருக்கு வரும், வரிவிலக்கு வராது. கஸ்டடி வழக்கில் ஒத்திக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. வாய்ப்பேச்சிலோ ஒரு வெள்ளைத் தாளிலோ முடிந்த ஒத்தியை வைத்து, பிள்ளைக்கு நிலையான வீடு என்னிடம் இருக்கிறது என்று நிறுவுவது கடினம். 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பின், வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருந்து வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். பதிந்த ஒப்பந்தம் நீதிமன்றத்துக்கும் உதவும், வரிக்கும் உதவும், பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கும் உதவும். கொஞ்சம் கூடுதல் வாடகையானாலும் பதிவு செய்யச் சம்மதிக்கும் வீட்டுக்காரரைத் தேடுவது நல்லது. அம்மா பெயரில் உள்ள வீட்டில் பிள்ளையோடு தங்கி, அம்மாவுக்கு வங்கி வழியாக உண்மையிலேயே வாடகை கொடுப்பதும் செல்லும். தானே பங்குதாரராக உள்ள பங்குக்குத் தனக்கே வாடகை கொடுத்ததாகக் காட்டுவது செல்லாது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கக்கூடிய கேள்வி கடுமையானது: லடாக்கில் நிற்கிறவருக்குக் காரைக்குடியில் பிள்ளைக்கென்று ஒரு வீடு எதற்கு? தாயிடமே முழுக்க விட்டுவிட்டு, லீவில் வரும்போது பார்த்துவிட்டுப் போனால் போதாதா? இதில் பாதி உண்மை இருக்கிறது. வருடத்தில் 60 நாள் ஆண்டு விடுப்பு உள்ளவர், ஆறு மாதம் பிள்ளையை நான் வளர்க்கிறேன் என்று வாக்களிப்பது நீதிமன்றத்தில் எடுபடாது, எடுபடவும் கூடாது. ஆனால் அரசே கடந்த சில ஆண்டுகளில் வேறு பக்கம் நகர்ந்திருக்கிறது. 2019-ல் பாதுகாப்பு அமைச்சகம் துணையில்லாத ஆண் படையினருக்கும் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பை நீட்டித்தது. பெண் அதிகாரிகளுக்குப் பணிக்காலம் முழுவதற்குமாக 360 நாள் இருந்த அந்த விடுப்பை, அதிகாரியல்லாத பெண் வீரர்களுக்கும் தர 2023 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. மத்திய அரசின் குடிமைப் பணி விதி, துணையில்லாத ஆண் என்பதற்கு மணமாகாதவர், மனைவியை இழந்தவர், மணமுறிவு பெற்றவர் என்று பொருள் சொல்லிவிட்டது. மணமுறிந்த தகப்பன் பிள்ளை வளர்க்கிறவன் என்று விடுப்பு விதி ஒப்புக்கொள்கிறது. குடியிருப்பு ஏற்பாடோ அவனைப் பாரக்குக்கு அனுப்புகிறது. விடுப்பு எடுத்து வந்து பிள்ளையை எங்கே வைத்து வளர்ப்பது என்ற கேள்விக்குப் பாரக்கின் கட்டில் பதிலாகாது. ஆகவே நீதிமன்றத்தில் கேட்க வேண்டியது ஆறு மாதத்தை அல்ல, கடைப்பிடிக்கக் கூடிய கால அட்டவணையை: பீஸ் ஸ்டேஷனில் இருக்கும் வருடங்களில் பள்ளி மாற்றத்தோடு கூடிய நீண்ட கஸ்டடி, ஃபீல்டு வருடங்களில் கோடை விடுமுறையும் ஆண்டு விடுப்பும் சேரும் காலம், மற்ற நாட்களில் வீடியோ அழைப்பு. பிள்ளையை வளர்க்காத பெற்றோருக்கு வீடியோ அழைப்பில் பேசும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2020-ல் வலியுறுத்தியிருக்கிறது. இப்படிப் படிப்படியாக எழுதிய அட்டவணை நம்பகமாக இருக்கும். சம்பளக் கணக்குக்கும் இடம் கொடுக்கும்.

பிள்ளையின் கஸ்டடியில் பணத்தைப் பேசுவதே அசிங்கம் என்பவர்களும் உண்டு. பேசாமல் விட்டால் அந்தப் பணத்தை வேறொருவர் பேசுவார் என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, செலவு எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்று வகுத்துவிட்டது. படைவீரரின் சம்பளச் சீட்டில் வாடகைப்படி வருமானப் பக்கத்தில் நிற்கும். அது பிள்ளை தங்கும் வீட்டுக்கே போகிறது என்பதைச் செலவுப் பக்கத்தில் ஒப்பந்தத்தோடு காட்டாவிட்டால், கையில் மிஞ்சும் பணமாகவே அது கருதப்பட்டு ஜீவனாம்சம் கணக்கிடப்படும். படைவீரரின் சம்பளத்தை நீதிமன்ற ஆணையால் ஜப்தி செய்ய முடியாது என்று 1950-ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்வதைக் கேட்டு மெத்தனமாக இருப்பவர்களுக்கு, அதே சட்டத்தின் 90, 91 பிரிவுகள் மனைவி பிள்ளை பராமரிப்புக்காகச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய அரசுக்கு அதிகாரம் தருகின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் காகிதங்கள் உண்மையாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை; ஆனாலும் சொல்லிவிடுவோம். தாயோடு தேவகோட்டையில் இருக்கும் பிள்ளையை மதுரையில் தன்னோடு இருப்பதாகக் காட்டி ஒய் விகிதம் வாங்கினால், ஹவில்தாருக்கு மாதம் கூடுதலாகக் கிடைப்பது 2,920 ரூபாய். பொய்யான அறிவிப்பு ராணுவச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி குற்றம். ராணுவ நீதிமன்றம் வரை போகலாம். அதைவிடப் பெரிய இழப்பு, அந்தப் பொய் குடும்ப நல நீதிமன்றத்தில் வெளிப்பட்டால் கஸ்டடியே கைநழுவும். நிலைமை மாறும்போதெல்லாம் தெரிவிப்பதும் இதில் சேர்ந்ததே. கஸ்டடி உத்தரவு எப்போதும் இறுதியானதல்ல, சம்மதத்தின் பேரில் பிறந்ததானாலும் பிள்ளையின் நலனுக்காக மாற்றத்தக்கது என்பதை, சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டில் போன ரோசி ஜேக்கப் வழக்கில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. உத்தரவு மாறினால் யூனிட்டுக்கும் புதிய நகல் போக வேண்டும். நம் மாவட்டத்து வழக்கில் மேல்முறையீடு மதுரைக் கிளைக்குப் போய்த் திரும்பினால், அங்கே பிறந்த உத்தரவின் நகலையும் சேர்த்து.

விதி மாற வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. பெரிய மாற்றம் ஒன்றும் கேட்கவில்லை: குடியிருப்பு ஒதுக்கீட்டிலும் வாடகைப்படியிலும், நீதிமன்ற உத்தரவின்படி ஆண்டின் ஒரு பகுதியேனும் பிள்ளையின் கஸ்டடி உள்ள மணமுறிந்த படைவீரரைத் தனியாளாக வைக்காமல் குடும்பஸ்தராக வைக்கட்டும். செலவு அதிகமாகும் என்பது நிதித்துறையின் வழக்கமான பதிலாக இருக்கும். பிரியாமல் இருந்திருந்தால் அந்த வீரருக்கு அதே படியை அரசு கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கும். புதிதாக எதையும் கொடுக்கச் சொல்லவில்லை, இருந்ததை எடுக்காதே என்பதுதான் கோரிக்கை. எட்டாவது ஊதியக் குழு, நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் 2025 நவம்பரில் அமைக்கப்பட்டு, அறிக்கை தர 18 மாத அவகாசம் பெற்றிருக்கிறது. பணியில் இருப்பவர்கள் சங்கம் சேர்ந்து மனுக் கொடுக்க முடியாது; ராணுவச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு அந்தத் தடை இல்லை. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஓய்வு பெற்ற சுபேதாரோ ஹவில்தாரோ இருப்பார். முன்னாள் படைவீரர் சங்கங்கள் குழுவுக்கு அனுப்பும் கோரிக்கைகளில் இந்த ஒரு வரியையும் சேர்க்கச் சொல்லி அவரிடம் கேளுங்கள். சிவகங்கையில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் அவரையே எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.